எந்தத் தெரு?

எங்கள் சபை மண்டபத்தில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள் நாற்பத்திரண்டு. வரிசைக்கு ஏழாக ஆறு வரிசை. நடுவில் வழி விட்டு, ஆண்கள் பக்கம் நாலு, பெண்கள் பக்கம் மூன்று என்று நான்தான் போட்டு வைப்பேன். ஒரு ஞாயிறு மாலை போய்ப் பார்த்தால், புதிதாக வந்திருந்த போதகரின் மனைவி, போதகரம்மா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் கிறீச்சிட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "வட்டமாப் போட்டா எண்ண முடியாதேம்மா, எங்க ஆரம்பிச்சோம்னே தெரியாது" என்றேன். அவர் நிமிரக்கூட இல்லை. "உங்க நாற்காலியில ஒரு துண்டைப் போட்டு வைங்க ஐயா. அங்கிருந்து ஆரம்பிங்க" என்றார்.

போதகருக்கு மாறுதல் வந்து அவர்கள் ஓசூரை விட்டுப் போய் இது இரண்டாவது வருஷம். சில மனிதர்கள் போன பிறகுதான் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது புரிகிறது. அவர் வந்தபோது எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருவார்கள். ஒன்பது பேரும் கமிட்டிக்காரர்களின் பிள்ளைகள். அப்பா பார்க்கிறார் என்று வருகிறவர்கள். சபையைச் சுற்றி நாலு தெருவிலும் தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்கும் விடுதிகள். ஞாயிறு மாலையில் அந்தப் பிள்ளைகள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை. வாலிபர் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் வேண்டும் என்று என்னை நியமித்திருந்தார்கள். தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். தலைகளை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்க் கவலைப்படுவேன்.

போதகரம்மா விடுதி விடுதியாக ஏறி இறங்கினார். ஜெபத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எது இல்லை என்று கேட்டார். ஞாயிறு ராத்திரி மெஸ் கிடையாது. எட்டுப் பேர் அறைக்கு ஒரே ஒரு பிளக். யூனிஃபார்மைத் தேய்க்க அயர்ன் பாக்ஸ் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். அவ்வளவுதான். மறுவாரம் மண்டபத்தில் ஒரு மேஜையில் கம்பளி விரித்து இரண்டு அயர்ன் பாக்ஸ் வைத்தார். ஃபோன் சார்ஜ் போட நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்தது. யாரோ கேரம் போர்டு கொடுத்தார்கள். ஆறரை மணிக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குஸ்கா. பாட்டும் வேத வாசிப்பும் இவற்றுக்கு நடுவிலேயே நடந்தன. ஒருத்தி சட்டையைத் தேய்த்துக்கொண்டே தெலுங்கில் பாடுவாள், இன்னொருத்தன் கன்னடத்தில் அடுத்த அடியை எடுப்பான். எனக்கு அது கூட்டமாகவே தோன்றவில்லை. ஆனால் எண்ணிக்கை பதினான்கு, பத்தொன்பது, இருபத்தாறு என்று ஏறியது.

அவர் போட்ட கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். வாசலில் யாரும் யாரையும் "எந்த ஊரு?" என்று கேட்கக் கூடாது. எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பிழைக்க வந்தவர்கள் நிறைந்த இந்த ஊரில் அதை விட அன்பான கேள்வி என்ன இருக்கிறது? அவரே தெற்கேயிருந்து வந்தவர், பொறுமையாகச் சொன்னார்: "ஊரைச் சொன்னா அடுத்தது தெரு ஐயா. தெருவைச் சொன்னா எல்லாம் சொன்ன மாதிரி. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை எந்த நாற்காலியில உக்காந்தாலும் அந்தத் தெருவுலதான் உக்காரும்." என் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் இது உண்டு, வேறு வார்த்தையில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக, காய்க்காரம்மாவிடம் கற்ற கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான் அவர் எல்லாரையும் வரவேற்றார். சாப்பாடு ஆயிற்றா என்று யாரை யார் கேட்டாலும் குற்றமில்லை.

அப்போதுதான் ஒரு பையன் வந்தான். மூன்று ஞாயிறு காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கில் உட்கார்ந்திருந்தான். கூப்பிடலாமா என்று கேட்டதற்குப் போதகரம்மா வேண்டாம் என்று கண் காட்டினார். நாலாவது ஞாயிறு, "ஃபோன்ல சார்ஜ் இல்ல" என்று உள்ளே வந்தான். அடுத்த வாரம் கேரம் ஆடினான். இதற்கு முன் இரண்டு சபைகளுக்குப் போய் நின்றுவிட்டவன் என்று அவனுடைய அறைக்காரன் ஒருவன் மூலம் தெரிந்தது. ஏன் நின்றான் என்று போதகரம்மா விசாரிக்கவில்லை. இவன் இங்கே நிலைப்பானா என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய விஷயமாகிவிட்டது. பைக் சத்தம் கேட்கும் வரை அவர் பாத்திரத்தைத் திறக்க மாட்டார். நான் ஜன்னலை விட்டு நகர மாட்டேன்.

அந்த நிலையில்தான் சபைச் செயலர் ஒரு ஞாயிறு கூட்டத்தைப் பார்க்க வந்தார். அவரும் தெற்கேயிருந்து வந்து இங்கே வேரூன்றியவர். கோயில் கட்டும்போது தோளில் கல் சுமந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்ததும் மேஜையைப் பார்த்து, "என்னம்மா இது, சபை மண்டபமா லாண்டரியா?" என்றார். தேய்த்துக்கொண்டிருந்த, பக்கத்துப் பேரிகை ஊர்ப் பெண், "உங்க சட்டையும் கசங்கியிருக்கு அங்கிள், குடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பையன் அப்போதுதான் சிவப்புக் காயைப் போட்டிருந்தான். "நல்லா ஆடுறியே தம்பி. பேச்சைப் பாத்தா நம்ம பக்கம் மாதிரி இருக்கே. எந்த ஊரு?"

பையன் ஒரு டவுன் பெயரைச் சொன்னான்.

"அது டவுனு. ஊரு?"

சொன்னான்.

"அட, அங்க எனக்குத் தெரியாத ஆளே இல்லையே! எந்தத் தெரு?"

"ஏன் அங்கிள், கொரியர் அனுப்பணுமா?" என்றாள் பேரிகைப் பெண். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நீ இரும்மா. சொல்லு தம்பி, கோயிலுக்கு மேலயா, கீழயா?"

பையன் ஸ்ட்ரைக்கரைப் போர்டின் நடுவில் வைத்தான். விரல் முழுக்கப் பவுடர். "கீழ. ரோட்டுக்கு அந்தப் பக்கம். சுடுகாட்டுக்குப் போற வழியில மூணாவது வீடு. எங்கப்பா பேரும் வேணுமா?"

துணி கருகும் வாசனை வந்தது. பேரிகைப் பெண் பதறி அயர்ன் பாக்ஸைத் தூக்கினாள். போதகரம்மா குஸ்காப் பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்தார். அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அண்ணே, தம்பி சொல்லிட்டாரு. இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க எந்தத் தெரு?"

"நானா?"

"ஆமா. மேலயா, கீழயா?"

செயலர் வாயைத் திறந்தார். எத்தனையோ இடத்தில் பெருமையோடு சொன்ன பதில்தான் அது. அந்த வட்டத்தில் இருபத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அது அவருக்கு வெளியே வரவில்லை. "நான் சும்மா பாசமாத்தானேம்மா கேட்டேன்" என்றார்.

"தெரியும் அண்ணே. பாசமாத்தான் எல்லாரும் கேக்குறாங்க." குரல் உயரவே இல்லை. "சாப்பாடு ஆறுது. தட்டு எடுங்க எல்லாரும்."

செயலர் நின்றபடியே பாதி சாப்பிட்டுவிட்டுப் போனார். பையன் தட்டே எடுக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பைக் சத்தம் பாகலூர் ரோட்டுப் பக்கம் தேய்ந்து போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறு வருஷமே மாறுதல் வந்ததற்கு அந்தச் சாயங்காலம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. அப்போது அதையெல்லாம் நான் நினைக்கவில்லை. ஃபோன் பண்ணிக் கூப்பிடுங்கள் என்று போதகரம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். "கூப்பிட்டா எனக்காக வந்து உக்காருவான். அது வேண்டாம் ஐயா" என்றார். சொன்னாரே தவிர, அடுத்த ஞாயிறு குஸ்கா ஆறிப் போகும் வரை பாத்திரத்தைத் திறக்கவில்லை. அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வட்டத்திலிருந்து அவன் நாற்காலியை யாரும் எடுக்கவும் இல்லை, அதில் உட்காரவும் இல்லை. நான் ராத்திரியில் புரண்டு படுப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரி, "மத்த இருபத்தஞ்சு பேரும் உங்களுக்கு மனுசங்க இல்லையா?" என்று திட்டினாள். எண்ணிக்கையைச் சரியாகத்தான் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. பாதிப் பேர்கூட வர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. அவன்தான், பின்னால் ஒரு புதுப் பையன். இருவரும் தெப்பலாக நனைந்திருந்தார்கள். போதகரம்மா ஒன்றுமே நடக்காதவர் போல இரண்டு துண்டுகளை எடுத்து வீசினார். உடனே பாத்திரத்தைத் திறந்தார். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் வந்தான். நான் எதுவும் கேட்பதற்கு முன், "ரெண்டு ஞாயிறும் பி ஷிஃப்ட் ஐயா. அதான்" என்றான்.

அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில்தான் நான் இருபத்தாறு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே மாலை வேலையான பி ஷிஃப்ட் கிடையாது. கேட்டில் பூட்டுத் தொங்கும். அது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"பி ஷிஃப்ட்டுன்னா கஷ்டம்தான்" என்றேன். "உக்காரு."

இப்போது புதிய போதகர் வந்துவிட்டார். நாற்காலிகள் இன்னும் வட்டமாகத்தான் கிடக்கின்றன. ஞாயிறுதோறும் அவன் என் பக்கத்தில்தான் உட்காருகிறான். அந்த இரண்டு ஞாயிறும் எங்கே இருந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.