பேரளி ரோட்டில் அவிழ்த்த நேர்ச்சை மூட்டை

காலை ஏழு மணிக்குப் பெரம்பலூரில் கரி பஸ் கிளம்பியது. யுத்த காலம், பெட்ரோல் கிடைப்பதில்லை. வண்டியின் பின்புறம் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. அதில் கரியைப் போட்டு எரித்தால் வரும் புகையில்தான் வண்டி ஓடும். அரியலூருக்குச் சீட்டு எட்டணா. அங்கே இறங்கி மாட்டுவண்டி பிடித்து ஏலாக்குறிச்சி போகவேண்டும். மாதா கோயில் திருவிழா.

பஸ் கூரைமேல் என்னுடைய பித்தளை அண்டாவும் ஒரு சின்ன மூட்டை கம்பு மாவும் ஏறின. திருவிழாவுக்கு வருகிற ஜனங்களுக்குச் சோறு போடுவதை அசனம் என்போம். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் எங்கள் அசனம் நெல்லுச்சோறுதான். அவர் போன ஆடியில் இறந்துபோனார். மழையும் ஏமாற்றிவிட்டது. இந்த வருஷம் வீட்டில் இருந்தது கம்புதான்.

வழியனுப்ப வந்த கொழுந்தன் கடைசிவரை விடவில்லை.

"அண்ணி, நெல்லுச்சோறு போட்ட வூடு கம்பங்கஞ்சி ஊத்துனா ஊரே சிரிக்கும். இந்த வருசம் வேணாம்."

"சிரிக்கட்டும். எங்க அண்டா இல்லாம ஏலாக்குறிச்சியில திருவிழா நடந்ததில்ல."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு மனம் ஆறவில்லை. புருஷனும் போய், வயலும் காய்ந்த பிறகு, இந்தக் கட்டையை ஆண்டவர் எதற்கு வைத்திருக்கிறார்? அதை மாதாவிடம் நேரில் கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

பேரளி தாண்டி ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். டிரைவர் பின்னால் போய்த் தட்டினான், ஊதினான், முகமெல்லாம் கரியாகத் திரும்பி வந்தான். "கொழா அடைச்சுக்கிச்சு. எப்படியும் சாயங்காலமாவும்" என்றான்.

உச்சி வெயில் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல்காடு, பருத்தி. கடை கண்ணி எதுவும் இல்லை. பிள்ளைகள் முதலில் விளையாடின, பிறகு அழுதன. ஒரு சின்னப் பெண் பருத்திக்காயைப் பறித்து மென்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா அதைப் பார்த்தும் தடுக்கவில்லை.

மாதாவுக்கு நேர்ச்சை என்று கட்டிய மூட்டையைக் கோயில் வாசலுக்கு முன்னால் அவிழ்ப்பது எங்களில் கிடையாது. சமைத்த பிறகும் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தால்தான் வாயில் வைப்போம். இங்கே அவிழ்த்தால் அங்கே நான் வெறும் அண்டாவோடு போய் நிற்கவேண்டும். கொழுந்தன் சொன்ன சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு அது. கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்தேன்.

"தம்பி, மூட்டைய எறக்கு. அண்டாவையும் எறக்கு. ஒன் கரியில கொஞ்சம் குடு."

"கரியா! மொதலாளி என் தோல உரிச்சுருவாரு ஆத்தா."

"ஒன் வண்டிக்குத் தொண்டை அடைச்சுக் கெடக்கு. மனுசருக்கு நல்லாத்தான் தொறந்திருக்கு. குடுடா."

ஆண்கள் வயல் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூன்று கல் வைத்து உலை ஏற்றினேன். எசனையிலிருந்து கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் காணிக்கை கொண்டுபோகும் கூட்டமும் வண்டியில் இருந்தது. அதில் தனபாக்கியம் என்ற அம்மாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"ஏம்மா, இப்படிக் கிண்டுனா கட்டி தட்டாதா? உங்க ஊர்ல கஞ்சிய மென்னுதான் குடிப்பீங்களோ?"

"வாய் பேசுறவங்க வந்து கிண்டலாம்."

"பெருமாளச் சேவிக்கிற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாது. கிண்டுறதுக்கு என்ன, தள்ளுங்க." கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். நன்றாகவே கிண்டினாள், அதையும் சொல்லவேண்டும்.

பனையோலையைப் பட்டையாக மடித்து எல்லாருக்கும் ஊற்றினேன். பருத்திக்காய் மென்ற பெண் மூன்று பட்டை குடித்தாள். ஆனால் டிரைவர் உட்பட ஏழெட்டுப் பேருக்கு இல்லாமல் அண்டா காலியாகிவிட்டது. தனபாக்கியம் என் காலி மூட்டையைப் பார்த்தாள். விறுவிறுவென்று போய்த் தன் காணிக்கைப் பையைக் கொண்டுவந்தாள். அதிலும் கம்பு மாவுதான்.

"உங்க மாதாவுக்கு இருக்கிற மனசு எங்க பெருமாளுக்கு இல்லியா என்ன? வைய்யி உலைய!"

நாலு மணிக்கு வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. "மொதலாளி கரி எங்கடான்னு கேட்டா, ஜனங்க வயித்துல எரிஞ்சுபோச்சுன்னு சொல்லிடறேன் ஆத்தா!" என்றான் டிரைவர். அரியலூர் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் காலை ஏலாக்குறிச்சியில் கோயில் முன்னால் அண்டாக்கள் வரிசையாக ஆவி பறக்க இருந்தன. என் வெறும் அண்டாவையும் அதன் இடத்தில் வைத்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தவர் என் முன்னால் நின்றார்.

"என்னம்மா, மந்திரிக்க ஒண்ணையும் காணோமே?"

"தோத்திரம் சாமி. பேரளி ரோட்டுலயே ஊத்திட்டேன். மந்திரிக்கவும் இல்ல. குடிச்சதுல பாதிப் பேரு பெருமாள் கோயிலுக்குப் போறவங்க." தலையைக் குனியாமல்தான் சொன்னேன்.

அவர் என் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "பேரளி எந்தப் பக்கம்?" என்றார். கையைக் காட்டினேன். அந்தத் திசைக்குத் திரும்பி, செம்பிலிருந்த தீர்த்தத்தை வீசித் தெளித்தார். நடுவில் நின்ற பெண்கள் நனைந்து கூச்சலிட்டுச் சிரித்தார்கள். "அண்டா சும்மாத்தானே கெடக்கு, எங்க கொழம்ப இதுல மாத்துங்க" என்றாள் ஒருத்தி. அன்று பொழுது சாயும்வரை பிறத்தியார் குழம்பை என் அண்டாவிலிருந்து நான் ஊற்றினேன். கை ஓயவில்லை.

திரும்பும் வழியில் மாட்டுவண்டி திருமானூர் வந்தபோதுதான் நினைவு வந்தது. இந்தக் கட்டையை எதற்கு வைத்திருக்கிறார் என்று மாதாவிடம் கேட்க அத்தனை தூரம் போனவள், கேட்கவே இல்லை.

வண்டிக்காரரிடம் சொன்னேன். "அப்ப திருப்பட்டுங்களாம்மா?" என்று மாட்டின் கயிற்றை இழுத்தார்.

"வேணாம்பா. நீ ஓட்டு" என்றேன்.