கேட்கத் தக்க பாட்டு

சின்னம்மாவின் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து, அது கேட்கத் தக்கதா இல்லையா என்று சொல்லும்படி அம்மா என்னையும் பெரிய மாமாவையும் அனுப்பிவைத்தபோது எனக்குப் பதினொரு வயது. குடும்பத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லும் ஆளாக என்னை எண்ணியது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையில், தீர்ப்பு சின்னம்மாவைப் பற்றியது என்பதே எனக்கு மறந்துபோனது.

என்னைத் தெரிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீசு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மாமாவுக்குப் பள்ளிக்கூடம் என்றால், சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது குடும்பத்தோடு படுத்திருந்த ஒரு கட்டடம். நானோ அப்படி ஒரு கட்டடத்துக்குள் வாங்கில் உட்கார்ந்து படித்தேன். இங்கிலீசிலும் சங்கீதத்திலும் வகுப்பில் நான்தான் முதல். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

குரலைப் பற்றிச் சொல்வதற்கு மாமா போதும். அவர் கரைவலை இழுப்பவர். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். கூட்டங்களுக்கு நடுவே நல்ல தூரம் இருக்கும். மாமா ஒரு கயிற்றில் நின்று அம்பாப் பாட்டு எடுப்பார். மற்றக் கயிற்றுக்காரர்கள் அந்தக் குரலைப் பிடித்துத்தான் தங்கள் கயிற்றை இழுப்பார்கள். ஆகவே எங்கள் கரையில் குரலை அளக்க ஒரே அளவுதான்: காற்றையும் கடலையும் தாண்டி மற்றக் கயிற்றுக்குப் போகுமா? பாடிப் பாடிக் குரல் போனவரை யாரும் விலக்கிவிடுவதில்லை. அவருடைய பங்கு அவருக்கு உண்டு. கை முறிந்த மனிதரிடம் பேசுவதுபோல அவரிடம் மெதுவாகப் பேசுவார்கள்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. இருவரும் சிறுமிகளாக இருந்தபோது அம்மப்பாவுக்குப் பின்னால் நின்று அம்பா பாடியவர்கள். சின்னம்மாவின் குரல்தான் பெரியதாம். தையல் பழகக் கொழும்புக்குப் போனவர், அங்கே மாதா கோவிலில் பாடி, பிறகு கல்யாண வீடுகளில் பாடி, கடைசியில் ஹோட்டல்களில் ஜாஸ் பாடுபவராகிவிட்டார். ஜாஸ் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள்.

அம்மப்பாவை அடக்கம் செய்த அன்று மாலை சின்னம்மா கொழும்பில் ஒரு மேடையில் நின்று பாடினார். செய்தி கிடைத்த பிறகும் பாடினார். மறுநாள்தான் பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மா கதவைத் திறக்கவில்லை. அதன் பிறகு இருவரும் பேசியதில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களில் எங்கள் கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறிக் கடலில் ஓடுவதற்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அப்படி ஒரு ஹோட்டலுக்குத்தான் சின்னம்மாவும் பாட வந்தார்.

"சனிக்கிழமை இங்கதான் பாடுறாளாம்," என்று மாமா அம்மாவிடம் சொன்னார். "ஞாயிறு வீட்டை வரட்டோ எண்டு கேக்கிறாள்."

அம்மா குனிந்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"அப்பாவைத் தாட்ட அண்டைக்கும் விட்டிட்டு வர ஏலாத பாட்டு, அது என்ன பாட்டு எண்டு நீங்கள் போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ அண்ணன். கேக்கத் தக்க பாட்டெண்டா வரட்டும். இல்லாட்டி வந்த வழியில போகட்டும்."

"இங்கிலீசுப் பாட்டடி. எனக்கென்ன விளங்கும்?"

"இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கெட்ட சொல்லு இருந்தா இவள் சொல்லுவாள்."

"கெட்ட சொல்லு இவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"படிக்கிறாள்தானே."

ஹோட்டல் வாசலில் ஒரு பலகையில் சின்னம்மாவின் படம் இருந்தது. கீழே எழுதியிருந்த பெயரை நான் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அது வீட்டில் வைத்த பெயர் இல்லை. எந்த ஊர், எந்தச் சனம் என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு பெயர். மாமா தலையை ஆட்டினார். பூசைக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். எங்களைக் கடலோர முற்றத்தின் பின்வரிசையில், சமையலறைப் பக்கமாக இருத்தினார்கள். யாரோ தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். மாமா அதிலிருந்த குழாயை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பியானோவோடு ஒருவர், ஆள் உயர வயலின் போன்ற ஒன்றை அணைத்துக்கொண்டு ஒருவர், டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் எதனாலோ கூட்டுவதுபோலத் தடவிக்கொண்டு ஒருவர். நடுவில் சின்னம்மா, கறுப்பு உடுப்போடு, கையை ஆட்டாமல் அசைக்காமல் நின்றார்.

பாட்டுத் தொடங்கியது எனக்குத் தெரியவில்லை. மைக்கில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு அந்த மூச்சுக்குள் சொற்கள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். சின்னம்மா ஒரு சொல்லை நடுவில் கடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு தந்தார். மேலே போக வேண்டிய இடத்தில் சறுக்கிக் கீழே வந்தார். குரல் கரகரத்தது, சில இடங்களில் சிரிப்பதுபோல உடைந்தது. நான் மேசைக்குக் கீழே ஆதிதாளம் போட்டுப் பார்த்தேன். ஒரு தட்டிலாவது வந்து விழுவார் என்று பார்த்தால் ஒவ்வொரு தட்டுக்கும் பிந்தியே வந்தார். எங்கள் சங்கீத ரீச்சராக இருந்தால் எழுப்பி வெளியே விட்டிருப்பார்.

மாமாவும் தன் பாட்டில் அளந்துகொண்டிருந்தார். மேசையில் இருந்த அவருடைய வலது கை கயிற்றைப் பிடிப்பதுபோல மூடும், தோள் கொஞ்சம் பின்னுக்குப் போகும். குரல் விழ வேண்டிய இடம் அது. குரல் வராது. கை திறந்த பிறகுதான் வரும்.

"இவள் என்ன, ஆக்கள் இழுத்து முடிஞ்ச பிறகு கூப்பிடுறாள்," என்று என் காதில் சொன்னார். "இந்தப் பாட்டுக்கு வலை இழுத்தா மீன் கரைக்கு வராது. நாங்கள்தான் கடலுக்குப் போவம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முன்வரிசைக்காரர்கள் அசையாமல் இருந்து கேட்டார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள் என எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெள்ளைக்காரருக்கு நல்ல பாட்டுக் கிடைப்பதில்லை போலும் என்று இரங்கினேன்.

கடைசிப் பாட்டுக்கு டிரம்காரர் கையை எடுத்துவிட்டார். பியானோ மட்டும் இடைக்கிடை ஒரு சத்தம் போட்டது.

"என்ன சொல்லுறாள்?" என்றார் மாமா.

மிக எளிய சொற்கள். எங்கள் வகுப்பில் யாருக்கும் விளங்கும். "ஒரு பொம்பிளை பஸ்ஸுக்கு நிக்கிறாவாம். பஸ் வந்திட்டுதாம். அவ ஏறேல்லையாம்."

"ஏனாம்?"

"அது பாட்டில இல்லை மாமா."

சின்னம்மா அந்த வரிக்குத் திரும்பத் திரும்ப வந்தார். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் 'ஏறவில்லை' என்பது இன்னும் பிந்தியது. ஒரு தடவை அது வராமலே விட்டுவிடுமோ என்று நினைத்தேன். பியானோவும் நின்றுவிட்டது. கரையில் அலை அடித்து இழுபடும் சத்தம் கேட்டது. எனக்கே ஏனென்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு, பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல் அந்தச் சொல்லை மெல்லக் கீழே வைத்தார்.

மாமாவின் கை மேசையில் விரித்தபடி கிடந்தது. வெகு நேரம் அது மூடவில்லை.

எல்லோரும் கை தட்டி முடிந்ததும் சின்னம்மா எங்களிடம் வந்தார். வரும் வழியிலேயே, "மல்லி, அபே அய்யாட்ட கேம கேன்ன!" என்று முற்றத்தின் அந்தப் பக்கம் நின்ற பையனைக் கூப்பிட்டார். அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லிச் சிங்களத்தில் கூப்பிட்ட அந்தச் சத்தத்தில் சமையலறைக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவருடைய குரலில் ஒரு குறையும் இல்லை.

"கேட்டனீங்களே அண்ணன்?" என்றார். "அக்காட்டை என்ன சொல்லப்போறியள்?"

மாமா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வா," என்றார். "வரேக்க மெதுவாக் கதை, சத்தம் போடாதை."

"ஏன்?"

"சொன்னதைச் செய்."

கரையோடு நடந்து திரும்பினோம். நான் பொறுக்க முடியாமல், "மாமா, அது நல்ல பாட்டோ?" என்று கேட்டேன்.

"குரல் விழவேண்டிய இடத்தில விழாமல் தள்ளித் தள்ளி வைக்கிறாள்," என்றார். பிறகு சிறிது தூரம் நடந்து, "விழுந்தா அழுதிருவாள் போல கிடக்கு," என்றார். நான் கேட்ட கேள்விக்கு இது விடை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அம்மா விளக்கடியில் இருந்தார். மாமா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

"குரல் போயிட்டுது தங்கச்சி."

"என்ன?"

"போயிட்டுது. மூச்சு மட்டும்தான் வருது. மைக்கை வாயோட ஒட்டி வைச்சுக்கொண்டு பாடுறாள், பாவம். எனக்கே கேக்கேல்ல."

நான் திடுக்கிட்டு வாயைத் திறந்தேன். மாமா என் பக்கம் திரும்பி, "சொல்லுத்தான் உன்ர பகுதி. குரல் என்ர பகுதி. அதில கை வைக்காதை," என்றார்.

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்பாவின்ர குரல் அவளுக்குத்தானே வந்தது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பாட்டில என்னடி இருந்தது?"

"கெட்ட சொல்லு ஒண்டும் இல்லை அம்மா. பஸ்ஸைப் பற்றின பாட்டு. பஸ் வந்ததாம், தான் ஏறேல்லையாம். திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னவ."

அம்மா என்னையே பார்த்தபடி இருந்தார். நான் ஏதோ பிழையாக மொழிபெயர்த்துவிட்டேனோ என்று பயந்து, அந்த வரியை இங்கிலீசிலும் சொல்லிக் காட்டினேன். அம்மா எழுந்து சமையல் பக்கம் போனார். கொத்தமல்லி வறுபடும் மணம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சின்னம்மா வந்தார். வேலிப் படலையடியில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா போய்ப் படலையைத் திறந்தார். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவும் இல்லை. அம்மா அவரைக் கதிரையில் இருத்தி, கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீரைக் கோப்பையில் நீட்டினார்.

"சூட்டோட குடி. கதையாதை."

சின்னம்மா மாமாவைப் பார்த்தார். மாமா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவுக்கு எல்லாம் விளங்கியதை நான் அவருடைய முகத்தில் கண்டேன். எனக்கு அவருக்காகக் கோபம் வந்தது. அத்தனை பேர் மூச்சடக்கிக் கேட்ட குரலை இங்கே நோய் என்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. சின்னம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசித் துளிவரை குடித்தார்.

"நல்லாயிருக்கு அக்கா," என்று கிசுகிசுத்தார்.

மத்தியானம் முற்றத்தில் பாய் விரித்துச் சாப்பிட இருந்தோம். ஒரு காகம் பாய்ந்து வந்து சின்னம்மாவின் தட்டில் இருந்த பொரித்த மீனைக் கொத்தியது.

"ஏய்! போ! களவெடுத்த காகமே!"

தென்னைகளில் இருந்த மற்றக் காகங்களும் எழும்பிப் பறந்தன. அடுத்த வளவிலிருந்து யாரோ, "என்ன, என்ன?" என்று கேட்டார்கள். சின்னம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அம்மா சின்னம்மாவுக்கு மிக அருகில், குழம்புக் கரண்டியோடு இருந்தார். கரண்டி ஒரு கணம் சட்டியின் மேல் நின்றது.

"கதையாதை எண்டு சொன்னனான்தானே," என்றார் அம்மா. இன்னொரு மீன் துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தார்.

பின்னேரம் சின்னம்மா புறப்பட்டபோது, "மாசம் ஒருக்கா வா," என்றார் அம்மா. "உது உடன மாறாது. வந்து வந்து குடிச்சிட்டுப் போ."

"எவ்வளவு காலம் அக்கா?"

"மாறுமட்டும்."

சின்னம்மா தலையாட்டினார். ஓட்டோ திரும்பி மறையும்வரை அம்மா படலையடியில் நின்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் சின்னம்மா வந்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். இப்போதும் வருகிறார்.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. படித்த ஒருத்தி வீட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு பொய்யை விட்டுவைப்பதா? மிச்சக் கொத்தமல்லியைப் போத்தலில் போட்டு மூடிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"அம்மா, சின்னம்மாவின்ர தொண்டையில ஒரு வருத்தமும் இல்லை. அது ஜாஸ். அவ வேணுமெண்டுதான் அப்பிடிப் பாடுறவ. மாமாவுக்கு அது விளங்கேல்ல."

அம்மா போத்தலின் மூடியை இறுக்கினார். அதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

"உனக்கு விளங்கினதுதானே," என்றார். "அது போதும். போய்ப் படி."

அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சின்னம்மாவின் பாட்டைச் சரியாகக் கேட்டவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் என்ற நிறைவோடு போய்ப் புத்தகத்தை விரித்தேன்.