தவம் அண்ணை இருந்த நாற்காலி

செய்தி வந்தபோது நான் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். அழைத்தவர் தவம் அண்ணையின் மனைவி மலர் அக்கா. "பிள்ளை, அவர் போயிட்டார். விடிய எழுப்பினன், எழும்பேல்லை" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, களைப்பு. இந்த வருடத்தில் இன்னொரு செத்தவீடு, இன்னொரு முறை லீவு கேட்க வேண்டும் என்று மனம் ஓடியது. அடுத்ததாக, டிசம்பரில் ஆட்டங்கள் தொடங்கினால் இனி யாருடைய காரில் போவது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவரும் மலர் அக்காதான். இதை வாசிக்கும் உறவினர்கள் பலருக்குத் தவராசா அண்ணை, எங்களுக்குத் தவம் அண்ணை, பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை செய்தவர் என்பது தெரியும். வார இறுதிகளில் அவர் எங்கே போனார் என்பது சரியாகத் தெரியாது. "உவர் ஏதோ ஹொக்கிக்குப் போறவர்" என்பார்கள். அது ஹொக்கி அல்ல, லக்ரோஸ். பனித்தளத்தை மூடிப் பச்சைக் கம்பளம் விரித்து, நுனியில் வலை கட்டிய தடிகளால் பந்தைப் பிடித்து எறிகிற விளையாட்டு. பந்து கைக்கு வந்தால் முப்பது செக்கனுக்குள் கோலை நோக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றவர்களுக்குப் போய்விடும். அந்த முப்பது செக்கன் மணிக்கூட்டின் பொத்தான்தான் தவம் அண்ணையின் கையில் இருந்தது.

அவருடைய பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்த ஆசிரியர் ஒருவர் திங்கட்கிழமைகளில் கையெல்லாம் கன்றிப்போய் வருவாராம். விசாரித்தால், அவர் இந்த விளையாட்டில் தொழில்முறை அணியில் ஆடுகிறவர். "புரொபெஷனல் எண்டால் மாளிகையிலை இருப்பினம் எண்டு நினைச்சன் பிள்ளை. இந்த மனிசன் திங்கள் காலமை என்னோடை சேர்ந்து கதிரை அடுக்குது" என்று அண்ணை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட, அண்ணை ஆடுகளத்தின் ஓரத்தில் நேரமும் கணக்கும் பார்க்கிற மேசைக்கு உதவியாளராகச் சேர்ந்து, சில வருடங்களில் அந்த மணிக்கூட்டு நாற்காலிக்கு வந்தார். பக்கத்தில் கோல்களையும் தண்டனைகளையும் பதிகிற ஆள் விட்டுப் போனபோது, அஜக்ஸில் அவருக்கு மூன்று தெரு தள்ளியிருந்த என்னை இழுத்துவிட்டார்.

பருவம் என்றால் டிசம்பரிலிருந்து வசந்தம் வரை. ஐந்து நாள் வேலை முடித்து, உப்பும் சேறும் அப்பிய காரில், 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஊர்ந்து போக வேண்டும். நான் பிக்கரிங் தாண்டுமுன் தூங்கிவிடுவேன். "நித்திரை கொள்ளும் பிள்ளை, நான் முழிப்பாத்தான் இருக்கிறன்" என்பார். அவரும் விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பள்ளிக்கூடம் திறந்த மனிதர்தான். ஆட்டக்காரர்களில் பாதிப்பேரும் அப்படித்தான். ஒருவர் தீயணைப்பு வீரர், ஒருவர் தச்சர். தோளில் பையோடு கொட்டாவி விட்டபடி அவர்கள் உள்ளே வரும்போது அண்ணை என் முழங்கையைத் தட்டி, "எங்கட ஆக்கள் வருகினம்" என்பார்.

மேசையில் இருப்பவர்கள் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, எந்த அணி கோல் போட்டாலும் முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனக்கு அது பெரிய பாடு. அண்ணைக்கு இயல்பாகவே வந்தது. அரங்கம் முழுக்க எழுந்து கூத்தாடும்போதும் அவர் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். "சத்தத்தை நம்பாதையும், பந்தைப் பாரும்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் எத்தனை தரம் கேட்டேன் என்பதுதான் கேள்வி.

இனிக் கடந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மதிய ஆட்டம். முந்தின நாள் நான் இரட்டை ஷிப்ட் செய்திருந்தேன். ஆட்டம் முடியச் சொற்ப நேரம், இரண்டு அணிகளும் சமம். எங்கள் நகர அணி ஒரு பந்தை எறிந்தது. அது கோல் கம்பியில் பட்டுத் திரும்பியிருந்தால் மணிக்கூட்டைப் புதிதாக முப்பதிலிருந்து தொடக்க வேண்டும். படாமல் கோலுக்குப் பின்னாலிருக்கிற கண்ணாடித் தடுப்பில் மோதியிருந்தால் பொத்தானைத் தொடக் கூடாது. ஒரு தடித்த ஆட்டக்காரர் குறுக்கே வந்து அண்ணையின் பார்வையை மறைத்துவிட்டார். "பிள்ளை, கம்பியிலை பட்டதே?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. தலை குனிந்து முந்தின தண்டனையை எழுதிக்கொண்டிருந்தேன், கண் செருகிக்கொண்டு வந்தது. ஆனாலும் "ஓம் ஓம்" என்றேன். நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். தொலைபேசியில் மாமி கதைக்கும்போது, பிள்ளை ஏதோ கேட்கும்போது, ஆளை அனுப்பிவிடுவதற்காக ஓம் ஓம் என்போமே, அந்த ஓம்.

அண்ணை பொத்தானை அமத்தினார். கூடக் கிடைத்த செக்கன்களில் எங்கள் அணி கோல் போட்டு வென்றது. நடுவர்கள் கவனிக்கவில்லை, எதிரணியும் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்து பெரிய திரையில் அந்தக் கட்டத்தைத் திரும்பக் காட்டினார்கள். பந்து கம்பிக்கு ஒரு சாண் தள்ளிக் கண்ணாடியில் மோதியது. அரங்கம் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணை எழுந்து நேரே நடுவரிடம் போனார். தன் பிழையென்று சொன்னார், என் பெயரைச் சொல்லவில்லை. நான் தாள்களை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

முடிவு மாறவில்லை. ஆனால் மேசைக்குப் பொறுப்பானவர், வயது போய்விட்டது, பார்வை பிடிபடவில்லை, மிச்சப் பருவத்துக்கு ஓய்வெடுங்கள் என்று அண்ணைக்குச் சொல்லிவிட்டார். அதே மூச்சில் அந்த நாற்காலியில் என்னை இருக்கச் சொன்னார். நான் அதற்கும் ஓம் என்றேன்.

வீடு திரும்பும்போது கார் விட்பிப் பக்கம் போகும் வாகனங்களோடு கிழக்கே ஊர்ந்தது. அன்று எனக்கு நித்திரை வரவில்லை. "அண்ணை, நான்..." என்று தொடங்கினேன். "அமத்தினது என்ரை விரல் பிள்ளை. சரி, விடும். ரீ குடிப்பமே?" என்றார். குடித்தோம். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், நிறைய நாள் இருந்தது.

மிச்ச ஆட்டங்களுக்கும் என்னை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். மேலே கடைசி வரிசையில் போய் இருப்பார். "இப்ப கை தட்டலாம்தானே, அண்ணை?" என்று பகிடியாகக் கேட்டேன். "பழக்கமில்லை பிள்ளை" என்று சிரித்தார். எங்கள் நகர அணி இறுதிச்சுற்றுக்குப் போய்த் தோற்ற அன்றும் கைகளை மடியில் வைத்தபடியே இருந்தார். நான் கீழே அவருடைய பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, இனிப் பருவம் முடிந்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் மேசை நண்பர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நல்ல மனிதர், கடைசியில் கண்தான் ஏமாற்றிவிட்டது என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். மலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான்தான் விடாப்பிடியா கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான். கண் நல்லாக் கிடக்கெண்டு டொக்டர் சொல்லுறார். இவர் சிரிச்சுக்கொண்டு இருக்கிறார். அப்ப ஏன் பிள்ளை பிழைவிட்டவர்? எனக்கு உதுதான் விளங்கேல்லை." நான் அவர் கையைத் தடவிக்கொண்டு நின்றேன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள், நான் நகர வேண்டியிருந்தது. அது ஒரு சாட்டுத்தான்.

மலர் அக்கா, இது அச்சுக்குப் போகுமுன் உங்கள் கைக்குத்தான் வரும். விருப்பமில்லாவிட்டால் கிழித்துவிடுங்கள். போட்டால் முழுதாகப் போடுங்கள், மேசை நண்பர்களும் வாசிக்கட்டும். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நாற்காலி. அதில் இருக்க எனக்குத் தகுதியில்லை என்று பொறுப்பானவருக்கு நேற்று எழுதிவிட்டேன், ஏன் என்றும் எழுதினேன். அண்ணையின் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை, அக்கா. தனக்குத் தெரியாததை அவர் என்னிடம் கேட்டார். பார்க்காமலே பதில் சொன்னவள் நான்.