தெருவைப் பார்த்த ரம்பம்

அவளுக்குத் தெருவில் தீப்பெட்டி என்று பெயர். வைத்தவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர்தான். மற்றவர்களுக்கெல்லாம் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். அவளுக்கு அது மூக்கையும் தாண்டி, ஒரு அடி முன்னால் நடந்து வரும். அவள் கடைக்குள் நுழைவதற்கு முன்பே கோபம் நுழைந்து, விளக்குப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று அவள் புருஷன் அடிக்கடி சொல்வான். "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த இரண்டு பழமொழிகளும் அந்த வீட்டில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே குடித்தனம் நடத்தி வருகின்றன.

படங்களுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கும் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை அது. முன்பக்கம் புருஷனுடையது. வருகிறவர்களை உட்கார வைத்து, தேன் தடவிப் பேசி, "உங்க ரசனையே தனி சார்" என்று சொல்லி அனுப்புகிற வேலை. பின்கட்டு அவளுடையது. கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு ரம்பத்தின் எந்தப் பக்கம் பல் என்றுகூடத் தெரியாது. இருந்த தச்சர் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆர்டர் அப்படியே நின்றது. "கொடுங்க இப்படி" என்று கைரம்பத்தைப் பிடுங்கினாள். முதலில் போட்ட சட்டங்களின் மூலைகள் கொட்டாவி விட்டன. அவள் மரத்தைத் திட்டினாள், ஆணியைத் திட்டினாள், தன்னையும் விடவில்லை. திட்டித் திட்டியே கற்றுக்கொண்டாள். பிறகு அவள் சேர்த்த மூலையில் ஒரு தாளைச் செருக யாராலும் முடியவில்லை.

துணைக்குத் தங்கச்சி வந்து சேர்ந்தாள். வேலை பார்த்த தைக்கிற கம்பெனியை முதலாளி இழுத்து மூடியதும், பின்தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு அக்காவிடமே வேலைக்கு வந்துவிட்டாள். தேய்ப்பது, பசை போடுவது, பாலிஷ் அடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அக்காவும் தங்கையும் ஒரே வயிற்றில்தான் பிறந்தார்களா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் சின்னவள். எதைச் சொன்னாலும் "சரி" என்பாள். மழையில் நனைந்துகொண்டே போய் பாலிஷ் வாங்கி வா என்றாலும் சரிதான். முடியாது என்ற சொல்லை அவள் வாயால் கேட்டவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு லாட்ஜிலிருந்து ஆர்டர் வந்தது. அறைக்கு ஒரு கண்ணாடி. சட்டம் தட்டையாக இருக்கக் கூடாதாம், நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிய வேண்டுமாம். அப்படிச் சரிகிற சட்டத்துக்குக் கட்டையைக் கோணத்தில் வெட்டினால் மட்டும் போதாது. பிளேடும் ஒரு பக்கமாகச் சாய வேண்டும். திரும்பவும் வேண்டும், சாயவும் வேண்டும், அதுவும் ஒரே வெட்டில். கைரம்பத்துக்கு அது ஆகாது. புது மெஷின் ஒன்று வாங்கினார்கள். வட்ட பிளேடு, மேலே பிடி, பிடியை அழுத்தினால் பிளேடு சுற்றிக்கொண்டே இறங்கும். அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். பின்கட்டில் நீள மேசைக்கு நடுவில். இரண்டு பக்கமும் கட்டை நீளமாகக் கிடக்க இடம் உண்டு, வெளிச்சமும் உண்டு.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது மெஷின் பின்கட்டில் இல்லை. கடை முன்னால், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடியை ஒட்டி, புது மேசைமேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதை யாரு இங்க வச்சது?"

"நான்தான். எடுப்பா இருக்குல்ல? போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போறான்."

"வேடிக்கை காட்டவா வாங்கினோம்?"

"வியாபாரம்னா நாலு பேர் கண்ணுல படணும்மா."

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது. மெஷினை மேசையோடு போல்ட்டு போட்டு முடுக்கவில்லை. துளை போட்டால் புது மேசையின் அழகு போய்விடுமாம். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, அவ்வளவுதான். பிளேடை மேலே தூக்கினால் ஒரு மூடி தானாக வந்து பற்களை மறைக்க வேண்டும். அந்த மூடியைக் கம்பி போட்டு இழுத்து மேலே கட்டியிருந்தான்.

"மூடியை ஏன் கட்டினீங்க?"

"பல்லே தெரியலம்மா. புது பிளேடு, பளபளன்னு தெரிஞ்சாத்தானே அழகு."

கேட்டீர்களா? விரலைக் காப்பாற்ற வைத்த மூடியை அழகு கெடுகிறது என்று கட்டி வைத்தவனை என்ன செய்வது? கம்பெனிக்காரன் யோசித்து யோசித்து மூடி வைப்பானாம், இவர் கம்பி வைப்பாராம்.

அதைவிடப் பெரிய வினை ஒன்று இருந்தது. மெஷினுக்கு இடது பக்கம், ஒரு முழத்துக்குள், தெருக்கண்ணாடி. அந்தப் பக்கம் கட்டை நீள வழியே இல்லை. முழுக்கட்டையும் வலது பக்கம்தான் கிடக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவள் நின்று காட்டினாள்.

"வலது கை பிடியில. இடது கையை எங்க வைக்கிறது, கண்ணாடிக்குள்ளயா?"

"கட்டை வலது பக்கம் கிடக்குல்ல, இடது கையை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பிடிச்சுக்க."

"கொண்டுபோனா கை பிளேடுக்கு முன்னால குறுக்க போகுது. பார்த்தீங்களா? இங்க பாருங்க, என் மணிக்கட்டு எங்க இருக்குன்னு பாருங்க."

"கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது."

அவளைப் பற்ற வைத்தது இந்த ஒரு வார்த்தைதான். கவனமாக இருந்தால்! மரத்துக்குள் ஒரு முடிச்சு இருந்தால் அது நம் கவனத்தைக் கேட்டுவிட்டா வரும்? பிளேடு முடிச்சில் மாட்டினால் கட்டையைச் சடக்கென்று இழுக்கும், பிடித்த கையும் கூடவே போகும். தச்சனுக்குக் கவனம் இல்லாமலா விரல் போகிறது? அவள் இதையெல்லாம் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்குச் சொன்னாள். புருஷன் தெருவைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குக் கண்மண் தெரியாமல் போயிற்று.

"இது இந்த இடத்தை விட்டு நகர்ற வரைக்கும் நான் தொடமாட்டேன். கடைப்பக்கமே வரமாட்டேன்."

"நீ தொடலைன்னா கடையை மூடிடுவாங்களா? தொட ஆள் இல்லையா என்ன?"

"தொடச் சொல்லுங்க. யார் தொடுறாங்கன்னு பார்க்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். யார் தொடுவார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். கோபத்துக்கு ஏது நிற்க நேரம்?

அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. அவன் முன்னால் தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். கடையில் என்ன நடக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இறங்கி வரட்டும் என்று இவள், கோபம் தணிந்தால் தானாக வருவாள் என்று அவன்.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் புதிதாக ஒரு வாக்கியம் தோன்றியது. "உங்களுக்குக் கடை முக்கியமா, கடைக்குள்ள இருக்கிறவங்க முக்கியமா?" நல்ல வாக்கியம். சூடு ஆறுவதற்குள் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்று மடித்ததைப் போட்டது போட்டபடி கிளம்பினாள். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கடைக்கு எதிரே வந்ததும் கால் நின்றுவிட்டது.

புருஷன் ஆசைப்பட்ட மாதிரியே தெருவிலிருந்து எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மெஷின் முன்னால் சின்னவள். வலது கை பிடியில். இடது கை பிளேடுக்கு முன்னால் குறுக்கே போய், அந்தப் பக்கம் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. பிளேடு சுற்றிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தது. நடைபாதையில் ஒரு ஆள் பையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தல் தொண்டை வரைக்கும் வந்தது. நாலு கடைக்குக் கேட்கிற குரல் அது, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. அவள் அதை அப்படியே விழுங்கினாள். இப்போது கத்தினால் சின்னவள் திரும்புவாள். அக்கா குரல் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்புவதுதான் சிறு வயதிலிருந்து அவள் பழக்கம். திரும்பினால் தோள் அசையும், தோள் அசைந்தால் கை அசையும். வாழ்நாள் முழுக்க வாயைத் திறந்தே வந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கடைக் கதவைத் திறந்தால் மணி அடிக்கும். மணியின் நாக்கைக் கைக்குள் பொத்திக்கொண்டு, உடம்பைக் குறுக்கி உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச். இறக்கிவிட்டாள்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி தளர்ந்தது. பிளேடு கட்டைக்குள் முனகி முனகி ஓய்ந்தது.

"கரன்ட் போயிடுச்சு அத்தான்" என்றாள் சின்னவள்.

"அசையாதே. பிளேடு முழுசா நிக்கட்டும்" என்றாள் இவள், பக்கத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமோ என்பது போன்ற குரலில். "நின்னுச்சா? இப்ப இடது கையை எடு. எடுத்துட்டுப் பிடியை மெதுவா மேல தூக்கு."

சின்னவள் சொன்னபடி செய்தாள். இவள் போய் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் கணக்குப் போடுகிற மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்தான். இடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். விழவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் அவளுக்கு நினைவில்கூட இல்லை.

"என்னம்மா... எதுவும் பேச மாட்டேங்கிற" என்றான் அவன். அவள் கத்துவதை அவன் பார்த்திருக்கிறான். கத்தாமல் நிற்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான். முகம் வெளிறிவிட்டது.

"மேசையோட அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

"லாட்ஜ்காரன் சாயங்காலம் வர்றான், இந்த ஒரு சட்டத்தை மட்டும்..."

"பிடிங்க."

பிடித்தான். மூன்று பேருமாகத் தூக்கிப் பின்கட்டில் போட்டார்கள். நடைபாதையில் நின்றவன் வேடிக்கை முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் அவள் வேலையில் இறங்கினாள். கோபத்தில் செய்த வேலை, ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் புது மேசையிலேயே துளை போட்டு மெஷினை நாலு போல்ட்டால் முடுக்கினாள். இரண்டு பக்கமும் கட்டை தொங்காமல் படுக்க, அதே உயரத்துக்குத் தாங்குகட்டை வைத்தாள். மூடியைக் கட்டியிருந்த கம்பியைக் குறடால் வெட்டி, புருஷன் முன்னால் போட்டாள். மூடி தானாக இறங்குகிறதா என்று பிடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மூலைமட்டத்தை வைத்து பிளேடு நேராக நிற்கிறதா, பின்னால் உள்ள தடுப்புக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் விலகியிருந்தது. திருகித் திருகிச் சரிசெய்தாள். பிறகு ஒரு கிளாம்ப்பை எடுத்து மாட்டினாள்.

"இனிமே கட்டையை இதுதான் பிடிக்கும், உன் கை இல்ல. கை எப்பவும் பிளேடுல இருந்து ஒரு சாணுக்கு அந்தப் பக்கம். கையைக் குறுக்க மட்டும் கொண்டுபோகவே கூடாது. சின்னத் துண்டு வெட்டணும்னா நீளக் கட்டையிலயே வெட்டு, துண்டை எடுத்துக் கையில பிடிக்காத. பிளேடு முழு வேகத்துக்கு வந்தப்புறம் இறக்கு. வெட்டி முடிச்சதும் பிடியை விட்டுட்டு அப்படியே நில்லு. பிளேடு நின்னப்புறம்தான் தூக்கணும். புரியுதா?"

"சரிக்கா."

"இந்தச் சரியைத்தான் அவர்கிட்டயும் சொன்னியா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தான் கேட்டார். நீயும் இல்ல. வேற யாரு இருக்கா?"

இவளுக்குச் சுருக்கென்றது. மெஷினைத் தொடமாட்டேன் என்று வீராப்பாக எழுந்து போனாள். அவள் விட்டுப்போன இடத்தில், முடியாது என்று சொல்லத் தெரியாதவளின் கைதானே போய் நின்றிருக்கிறது. அவனைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, பிளக் போடாமலே ஒரு தடவை இறக்கிப் பாரு. முதல்ல தூசி படாம கண்ணுக்குக் கண்ணாடி போடு. வளையலைக் கழட்டு. இந்த முழுக்கையை மடிச்சு விடணும், தொங்கினா பிளேடு இழுத்துக்கும்." சொல்லிக்கொண்டே தங்கையின் இடது கையைப் பிடித்துச் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினாள்.

மணிக்கட்டுக்குக் கீழே துணியில் ஒரு தையல் தட்டுப்பட்டது. நெருக்கமான, அழகான தையல், தைக்கிற கம்பெனியில் பழகிய கை. பொத்தான் இருந்த இடத்தில் பொத்தான் இல்லை. துணியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டே காணோம். மிச்சத்தை இழுத்துச் சேர்த்துத் தைத்திருந்தாள்.

"இது எப்போ?"

"நேத்து."

"நேத்து பிளேடு இங்க வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கும் அதே இடத்துல போய் நின்ன. ஏன்டி எங்கிட்ட வந்து சொல்லல?"

சின்னவள் அத்தான் நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"சொன்னா நீ கத்துவே."

இவள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து விரலும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு அந்தத் தையலே தெரியாமல் போயிற்று.

"இனிமே எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு."

"கத்தாம இருப்பியா?"

இருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"கத்துவேன்" என்றாள். "கத்தினாலும் சொல்லு."