ஏழாம் கேள்விக்கு மூன்று கையெழுத்து

சட்டமன்றத்துக்குப் போட்டியிடுகிறவர்களுக்கு ஊர்ப் பிரச்சினைகளில் கருத்து என்று ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்டால், உண்டு, தேர்தல் அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் தட்டச்சு செய்து கிடைக்கும் என்பேன். அந்தக் கடைக்காரியைத் தெருவே கமாக்கா என்று கூப்பிடும். யார் கொண்டுவரும் மனுவானாலும் சரி, கமாவைப் போடாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டார். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களை, "விண்ணப்பம் பிழையில்லாம வரட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவைத்தவர்.

கடை எட்டடிக்குப் பத்தடி. ஒரு கணினி, ஒரு பிரின்டர், காகிதம் சிக்கினால் பிரின்டரைத் தட்டுவதற்கு ஒரு மர அடிக்கோல். அவ்வளவுதான் ஆஸ்தி.

அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சிலும் வசவு மட்டும்தான் மிஞ்சியது. அது மட்டும் கணீரென்று வரும். காலை எட்டரைக்கு மகள் அவரை எங்கள் பகல் பராமரிப்பு இல்லத்தில் விடுவார், மாலை ஐந்துக்கு அழைத்துப் போவார். நான் அங்கே இருபத்தாறு வருடமாகப் பராமரிப்பாளர். அந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். சாப்பாட்டைக் கூழாக்க வேண்டும். படுத்திருந்தால் இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இல்லம் இருந்தால் கமாக்காவுக்குக் கடை உண்டு. இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு அப்பாவைப் புரட்டிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

இந்த இல்லத்தைத்தான் இடித்துவிட்டு அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. எங்களுக்கு ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டரில் காற்றோட்டமான இடம் தருவார்களாம். காற்று நிறைய உண்டு. பேருந்துதான் கிடையாது.

எங்கள் ஊர் வாரப் பத்திரிகை ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளர்களுக்குப் பத்துக் கேள்வி அனுப்பும், பதில்களை அருகருகே போடும். இந்தமுறை ஏழாவது கேள்வி எங்கள் இல்லத்தைப் பற்றியது. வேட்பாளர்களுக்கோ பதில் எழுத நேரம் இருப்பதில்லை. அதனால் தங்கள் பெயர் அச்சடித்த வெற்றுத்தாளின் அடியில் முதலிலேயே கையெழுத்துப் போட்டு, கமாக்கா கடைக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே என்ன வருகிறது என்பது சில்லறை விஷயம். "ஆவன செய்யப்படும்", "முன்னுரிமை அளிக்கப்படும்", "குழு அமைக்கப்படும்" என்ற மூன்றையும் கமாக்கா முறைவைத்து மாற்றி மாற்றி அடிப்பார். இரண்டு தேர்தலாக மக்கள் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, யோசித்து, வாக்களித்திருக்கிறார்கள்.

இந்தத் தேர்தலில் மூன்று பேர். முதலில் வந்தது, வெள்ளைக் கார் என்று பெயரெடுத்த வேட்பாளரின் உதவியாளன்.

"அக்கா, வழக்கம்போல நீங்களே போட்டுடுங்க. போட்டோ மட்டும் பெருசா வரணும்."

"ஏழாவது கேள்விக்கு உங்க ஐயா என்ன நினைக்கிறார், தம்பி?"

"அவர் எதுக்கு நினைக்கணும்? அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்கத்தானேக்கா உங்ககிட்ட வந்திருக்கேன்! யார் மனசும் நோகாம ஏதாவது அடிங்க."

கமாக்கா அடித்தார்: "பகல் பராமரிப்பு இல்லத்தை இடிக்க விடமாட்டேன். பதவியேற்ற மூன்று மாதத்தில், அந்த நிலத்தை இல்லத்தின் பெயருக்கே எழுதிக் கொடுக்க வைப்பேன்." கமா இருந்தது.

"வாசிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாங்கா, வண்டி குறுக்க நிக்குது."

பழைய உறுப்பினரின் மருமகன் இரண்டாவது வேட்பாளர். அவருடைய ஆள், "மாமனார் காலத்துல போட்டதையே போடுங்க, குடும்பக் கருத்து மாறாது" என்றான். மூன்றாமவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நேரிலேயே வந்தார், ஜனநாயகத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், ஏழாம் கேள்வியைத் தொடாமலே வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மூவர் தாளிலும் அதே ஏழாம் பதில். வாசித்துக் காட்டவா என்று, வந்த மூவரையும் கமாக்கா கேட்டார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாலை அப்பாவை அழைத்துப் போக வந்தபோது என்னிடம் சொன்னார்.

"மாட்டிக்க மாட்டியாடி?" என்றேன்.

"எப்படி சிஸ்டரம்மா? படிக்காமலே கையெழுத்துப் போட்டோம்னு அவங்க வாயால சொல்லணுமே."

பத்திரிகை வந்தது. வேட்பாளர்கள் தங்கள் புகைப்படத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு பள்ளிக்கூட மண்டபத்தில் மூவரையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். கமாக்காவின் அப்பாவை, அந்தப் பெரியவரை, சக்கர நாற்காலியில் வைத்து நான் தள்ளிப் போனேன். கமாக்கா எங்களுக்குப் பின்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் கார் முதலில் எழுந்து, "வாகன நிறுத்தம்தான் வளர்ச்சியின் அடையாளம்" என்று ஆரம்பித்தார். பத்திரிகை ஆசிரியர் எழுந்து, "ஐயா, நீங்க எழுதிக் கொடுத்தது வேற மாதிரி இருக்கே" என்று அவருடைய பதிலை அவருக்கே படித்துக் காட்டினார். மண்டபம் கை தட்டியது.

கைதட்டல் கேட்டால் ஒரு மனிதருக்கு எவ்வளவு வேகமாகக் கொள்கை பிறக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். "அதைத்தான் சொல்ல வந்தேன்! வளர்ச்சியின் அடையாளம், அது நமக்கு வேண்டாம்!" என்றார்.

மருமகன் துள்ளி எழுந்தார். "இது என் கருத்து! என் பதிலைப் பாருங்க, ஒரு எழுத்து மாறல. காப்பி அடிச்சிருக்கார்! மூணு மாசம் எதுக்கு? நான் ரெண்டு மாசத்துல முடிப்பேன்."

பேராசிரியர் மைக்கைப் பிடித்து, இந்தச் சிந்தனை தன் முப்பதாண்டு ஆய்வின் கனி என்றார். கனியின் வரலாற்றை அவர் தொடங்கியபோது, பெரியவர் தன் வசம் மிஞ்சியிருந்த சொற்களில் சிறந்த ஒன்றை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி எடுத்துவிட்டார். அன்றைக்கு விழுந்த கைதட்டல்களில் அதுதான் பெரியது.

மறுநாள் வெள்ளைக் காரின் உதவியாளன் கடை வாசலில் நின்றான். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"யார் மனசும் நோகாம அடிக்கச் சொன்னீங்க. யார் மனசு நோகுது, சொல்லுங்க."

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். வாகன நிறுத்தத்தைக் கட்டவிருந்த ஒப்பந்தக்காரரின் பெயரை வாசலில் நின்று சொல்ல முடியாதே.

வெள்ளைக் கார்தான் ஜெயித்தார். இரண்டு மாதம் சத்தமே இல்லை. கமாக்கா அந்தக் கையெழுத்துத் தாளைப் பத்திரிகை ஆசிரியரிடம் வாங்கி, பெரிதாக நகலெடுத்து, தேர்தல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி கடை முகப்பில் ஒட்டினார். தோற்ற இருவரும் தினம் ஒரு தடவை வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது நிலத்தை இல்லத்துக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவு வந்தது. அதற்கான பரிந்துரைக் கடிதமும் கமாக்கா கடையில் அடித்ததுதான். உதவியாளன் இந்தமுறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வாசிச்சுக் காட்டுங்கக்கா. எல்லா வரியும். மெதுவா."

கடை இன்னும் திறந்திருக்கிறது. பெரியவர் இன்னும் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். எட்டாம் கேள்வி, இல்லத்து வாசலில் ஓடும் சாக்கடையைப் பற்றியது. அதற்கு வெள்ளைக் காரின் தாளில் "ஆவன செய்யப்படும்" என்று அடித்திருந்தது கமாக்காதான். நான் தினம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டுகிறேன்.