நேற்று விதைத்த பாத்தி

எங்கள் அண்ணனை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. பெரிய துரை, பைக் வாங்கினார். அது நிற்க இடம் வேண்டுமாம். அதற்காக அக்காவின் கீரைப் பாத்திக்கு மேல் சிமென்ட் பூசிவிட்டான். அக்கா யார் என்று முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் அவனைப்போல, “ஒரு கட்டுக் கீரைக்கா இவ்வளவு ரகளை?” என்பீர்கள்.

எங்கள் மூவரில் அக்காதான் மூத்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்து மடிக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றபடியே. பிளீச்சிங் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் உரிந்திருக்கும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் படுக்கையில் விழுந்தபோது, வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டவள் அவள். அவர்கள் போனபின் வீடு அண்ணன் பெயருக்குப் போனது. அக்காவுக்கு என்ன கிடைத்தது? சமையலறைக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே, ஒரு கட்டில் போடுகிற அளவு மண். அதையும் யாரும் கொடுக்கவில்லை. யாருக்கும் வேண்டாததால் அவள் எடுத்துக்கொண்டாள்.

மண் என்று சொல்வதே அதிகம். வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் துருப்பிடித்த ஆணியும்தான் அங்கே கிடந்தன. பழைய ஜன்னல் கம்பிவலையில் சலித்துச் சலித்து, டீத்தூளும் காய்கறித் தோலும் போட்டு மக்கவைத்து, இரண்டு வருஷத்தில் அதை மண்ணாக்கினாள். பாலக்கீரை மட்டும்தான் போடுவாள். அதன் விதை கரடுமுரடாக இருக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, குச்சியால் கோடு கிழித்துப் போட்டு மூடுவாள். முளைத்து வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெறும் தரை. பறிக்கும்போது வெளி இலைகளை மட்டும் கிள்ளுவாள், குருத்தில் கை வைக்க யாரையும் விடமாட்டாள். திடமான செடி நாலை ஒதுக்கிப் பூக்கவிட்டு விதையெடுப்பாள். ஆறு வருஷமாக வெளியே விதை வாங்கியதே இல்லை. வீட்டில் எல்லோரும் தின்றோம். அண்ணன்தான் அதிகம் தின்றான்.

சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் கண்டபடி ஏசினாலும் அக்கா வாய் திறக்கமாட்டாள். ஆனால் பாத்தியில் ஒரு செருப்புக்கால் பட்டால் போதும், தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். எனக்கு அது பிடிக்கும். கோபப்படவாவது அவளுக்கு ஓர் இடம் இருந்ததே.

போன மாதம் பழைய செடிகள் தண்டு விட்டுக் கசக்க ஆரம்பித்தன. அவற்றைப் பிடுங்கிப்போட்டு, மண்ணைக் கொத்தி, கையிலிருந்த விதை முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விதைத்தாள். மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் அண்ணன் கொத்தனாரோடு வந்து நின்றான். பாத்தியைப் பார்த்தான். ஒன்றுமில்லை. அக்காவே கீரைக்கு முழுக்குப் போட்டுவிட்டாள் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் முத்து உதிர்ந்துவிடுமே! ஜல்லி கொட்டி, இடித்து, இரண்டு மணிக்கெல்லாம் பூசி முடித்தாயிற்று.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“என்னடா இது?”

“பைக் நிறுத்தக்கா. மண்ணு சும்மாதானே கெடந்துச்சு?”

“சும்மாவா? நேத்துதான்டா விதைச்சேன்!”

“எனக்கென்ன ஜோசியமா தெரியும்? விடுக்கா. கடையில கட்டுக்கட்டா விக்குது, வாங்கித் தரேன்.”

“உன்கிட்ட நான் கீரையா கேட்டேன்? இந்த வீட்ல எனக்குன்னு இருந்ததே அந்த ரெண்டு முழம்தான். அதுமேலயும் உனக்குக் கண்ணா?”

சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துவிட்டாள். சிமென்ட் இன்னும் இறுகவில்லை, கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. சலவைக்கூடச் சீருடையெல்லாம் சாம்பல் நிறம்.

“அக்கா, நிறுத்து! இது என் வீடு!”

“உன் வீடுதான். யாரு இல்லேன்னது? வந்து தடு, பார்க்கலாம்.”

தடுக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வாய்தான் அவனுக்கு நீளம்.

அக்கா மூச்சு வாங்க நிமிர்ந்தாள். வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

“உனக்கு இன்னைக்கு லீவுதானே? வீட்லதானே இருந்தே?”

இருந்தேன். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு அன்று விடுமுறை. முதல்நாள் அக்கா விதை போடப் போட, பின்னாலேயே தண்ணீர் தெளித்து வந்தவள் நான். கொத்தனாருக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தவளும் நான்தான். “அண்ணா, அதுல விதை இருக்கு.” அவ்வளவு சொன்னால் போதும். அண்ணன் எரிந்து விழுவானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் தெரியாமல் செய்தான். நான் தெரிந்தே டீ கலக்கினேன். இத்தனை நேரம் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு விளங்கிவிட்டது. நான் ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன்.

“வேணாம், நீ உள்ளே போ,” என்றாள், ஒரு துளிக் கோபம்கூட இல்லாமல். “நானே பாத்துக்கறேன்.”