வாய் வைத்துவிட்டுப் போ

என் தங்கை புருஷன் மர்லேன் குடியை விடப்போகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் ஒரு குடிகாரனோடு குடித்தனம் நடத்தி, போதும் என்று தங்கை வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். நாளையிலிருந்து தொடமாட்டேன் என்ற பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது.

ஆனால் இந்த முறை ஒரு காரணம் இருந்தது. மகள் பெரிசாத்தைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் காரை ஓட்டிப் போனவன், நேராக வாய்க்காலில் இறக்கிவிட்டான். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா கார் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டாலே அவள் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். என் தங்கை சாய்கால் அழவில்லை, கத்தவும் இல்லை.

"உங்க அப்பா செத்ததுக்கு வைக்கற வருஷ விருந்து முடியற வரைக்கும் இருப்பேன். ஊருக்கு முன்னாடி உங்க அம்மாவைத் தலைகுனிய வைக்கக் கூடாதுன்னு பாக்கறேன். அதுக்குள்ள ஒரு சொட்டு உன் வாயில பட்டுச்சுன்னா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு பிஷ்கேக் பட்டணத்துக்குப் போயிடுவேன். அப்புறம் நீ வந்து நின்னாலும் கதவு திறக்காது" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அது அவனுக்கும் தெரியும்.

அவன் போன இடம் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் அறை. குடியை விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். திரும்பி வந்தபோது கூடவே ஜிபாரும் வந்தாள்.

ஜிபாரைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள். குடித்துவிட்டு நடுச்சந்தையில் விழுந்து கிடந்தவள். ஆண் விழுந்தால் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் போடுவார்கள், பெண் விழுந்தால் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவள் குடியை விட்டு வருஷக்கணக்கில் ஆகியும் ஊர் அந்தக் காட்சியை விடவில்லை. நானும்தான்.

"இவளா? இவ யாரைக் கரையேத்தப் போறா?" என்று அடுப்படியிலிருந்து கேட்கும்படியே சொன்னேன்.

"நல்லாக் காது கேக்குது அக்கா. குடியை விட்டா முதல்ல திரும்பி வர்றது காதுதான்" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவள் செய்த முதல் வேலை, மருத்துவ உதவியாளரை அழைத்து வந்தது. பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், மருந்தில்லாமல் வீரம் காட்டினால் ஆளே போய்விடுவான் என்றாள். அந்த மனிதரும் அதையேதான் சொன்னார். மர்லேன் பின்னறையில் படுத்தான். வேர்வையில் படுக்கை நனைந்தது. எதைக் கொடுத்தாலும் வாந்தி. என் தங்கை துணியை மாற்றுவாள், ஆனால் அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஜிபார் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தாள். அவள் வீட்டுக்குப் போகும்போது டயர் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"சுவத்துல எறும்பு ஊருது" என்றான் மர்லேன் ஒரு பகலில். சுவர் சுத்தமாக இருந்தது.

"எறும்புதானா? எனக்கெல்லாம் எலி வந்துச்சு. குடுத்து வெச்சவன்டா நீ" என்றாள் ஜிபார். சிரித்துக்கொண்டே எழுந்தவள், வெளியே வந்ததும் மருத்துவ உதவியாளரைக் கூப்பிட ஓடினாள்.

எங்கள் பக்கம் வேண்டிய விருந்தாளிக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றிக் கொடுப்போம், இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று அதற்கு அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மர்லேனுக்கு நான் எப்போதும் விளிம்பு வரைதான் ஊற்றுவேன். அன்றும் அப்படியே கொடுத்தேன். நடுங்குகிற கையில் வாங்கினான், பாதி அவன் தொடையில் கொட்டியது. ஜிபார் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துணியை எடுத்துத் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒரே ஒரு வாய். நடுக்கம் நிக்கற அளவுக்கு மட்டும்" என்று அவன் ஜிபாரிடம் கெஞ்சினான்.

"எனக்கும்தான் ஆசையா இருக்கு."

"உனக்கா? இத்தனை வருஷம் கழிச்சுமா?"

"உன் சட்டையில அடிக்கற வாடையிலேயே எனக்கு நாக்கு ஊறுது. ஆனாலும் உக்காந்திருக்கேன் பாரு. நீயும் படுத்திரு."

விருந்து நாள் வந்தபோது அவன் எழுந்து நடந்தான். முகம் மெழுகாக இருந்தது. விருந்தில் வோட்கா கூடாது என்று மௌல்வி முன்பே சொல்லிவிட்டதால் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. முற்றத்தில் கூடாரம் போட்டாயிற்று, குதிரை அறுத்தாயிற்று, பொர்சோக் என்னும் மாவுத்துண்டுகளைப் பொரித்து மலைபோலக் குவித்தாயிற்று. அவன் அம்மா சுராக்கான் தோல்பையின் வாய்க்கட்டை அவிழ்த்தபோதுதான் ஜிபார் மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, அது கிமிஸா?"

"பின்னே? செத்தவரோட குதிரைப் பாலு. அம்மா தன் கையால கடைஞ்சு புளிக்க வெச்சது."

"யாரு ஊத்திக் குடுப்பா?"

"மூத்த பிள்ளை. முதல் கிண்ணத்துல அவன் வாய் வெச்சுட்டு, பெரியவருக்குக் குடுப்பான்." சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "கிமிஸ் எல்லாம் ஒரு குடியா? பிள்ளைகளுக்கே குடுக்கறோமே!"

"எனக்கு அதுல ஆரம்பிச்சுதான் சந்தையில முடிஞ்சுது" என்றாள் ஜிபார்.

வோட்காவை யோசித்தோம், பீரை யோசித்தோம். கிமிஸை ஒருத்தரும் யோசிக்கவில்லை. அது எங்களுக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்கும் மேலே, அது வெள்ளை. பாலில் வந்த எதையும் நாங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. வயிறு நிறைந்திருந்தாலும் "ஊஸ் தீய்" என்பார்கள், வாயாவது வைத்துவிட்டுப் போ என்று. வைக்காமல் போனால் அந்த வீட்டையே அவமதித்தது போல.

ஜிபார் சொன்னதைக் கேட்டு மர்லேன் விறகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டான். "அப்பாவோட குதிரை. இதை வேணாங்கறது அவரையே வேணாங்கற மாதிரி இல்லையா?"

அவன் அம்மாவுக்கோ கோபம். "வெள்ளையை மறுக்கறவன் என் வயித்துல பிறந்தவனா? யாரு உன்னை மொடாவா குடிக்கச் சொன்னா? வாய் வெச்சுட்டுக் குடுடா, அது போதும்."

கூடாரம் நிறைந்திருந்தது. வாசலுக்கு எதிரே, பெரியவருக்கான இடத்தில் அவன் சித்தப்பா அசானாலி உட்கார்ந்திருந்தார். வாசல் ஓரத்தில் சாய்கால், மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நானும் ஜிபாரும். மர்லேன் கிண்ணத்தில் கிமிஸை ஊற்றினான். புளிப்பு வாடை எங்கள் வரைக்கும் வந்தது. அவன் கிண்ணத்தைக் கீழே வைத்து, ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"நான் ரொட்டியில வாய் வெச்சுட்டேன் சித்தப்பா. இது எனக்கு ஆகாது."

சித்தப்பா வாங்கவில்லை. "ஏன்டா, விஷம் கிஷம் கலந்திருக்கியா?" கூடாரம் சிரித்தது. "குடிகாரங்க கூட்டத்துல போய் உக்காந்து, ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டுக்கிட்டு, அதுவும் எந்தப் பொம்பளை! உங்கப்பன் குதிரைப் பாலுடா இது. வாய் வை."

"வாய் வைடா. சும்மா வாய் வை" என்று அங்கிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நீட்டிய கிண்ணம் மெல்ல அவன் பக்கமே திரும்பியது. கையில் வழிந்து விரலில் சொட்டியது. உதடு பிரிவதை நான் பார்த்தேன்.

சாய்கால் குனிந்து பெரிசாத்தின் கோட்டுக்குப் பொத்தான் போட ஆரம்பித்தாள்.

"மர்லேன், இங்க என்னைப் பாரு" என்றாள் ஜிபார். அவன் பார்க்கவில்லை.

அப்போது அவன் அம்மா எழுந்தார். மருமகள் கை பொத்தான் போடுவதை அவரும் பார்த்திருக்க வேண்டும். மகன் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கி, தானே ஒரு வாய் குடித்துவிட்டு, கொழுந்தனார் முன்னால் நீட்டினார்.

"நான் வாய் வெச்சுட்டேன். வாங்குங்க."

"அண்ணி, இது பிள்ளை செய்யற காரியம்..."

"உங்க அண்ணனும் இதைத்தான் தினம் சொன்னாரு. சும்மா வாய் வெச்சுட்டு வரேன்னு. கடைசியா உங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. நீங்களும் வாய் வெச்சுட்டுப் போங்கண்ணேன்னு உக்காரவெச்சீங்க. விடிஞ்சு பாத்தா நம்ம கேட்டுக்கும் வாசப்படிக்கும் நடுவுல பனியில வெறைச்சுக் கிடக்கறாரு." அவர் குரல் ஏறவே இல்லை. "நெஞ்சுவலின்னு ஊருக்குச் சொன்னது நான்தான். ஒருத்தரைக் குடுத்தாச்சு. இவனைக் குடுக்க மாட்டேன்."

அந்தக் கூடாரத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சொன்னதுதான் இல்லை.

அசானாலி கிண்ணத்தை வாங்கினார். வெள்ளையை மறுக்கக் கூடாதே. ஆனால் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. விருந்து முடியும் வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மர்லேன் வெளியே வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தினான். உடம்பு உதறியது. "இப்பவும் வேணும்போல இருக்கு அக்கா" என்றான் ஜிபாரிடம். "விரல்ல பட்டது இருக்கே, அதை நக்கிடலாமான்னு இருக்கு."

"இருக்கும். இந்தா, கையைக் கழுவு" என்று அவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

சாய்கால் குழந்தையின் பொத்தானைக் கழற்றவில்லை. ஆனால் போகவும் இல்லை. கூடார வாசலிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்த் தேநீர் கொண்டுவந்து மர்லேனிடம் கொடுத்தேன். வாங்கும்போது கை அப்படித்தான் ஆடியது, ஆனால் கொட்டவில்லை. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"என்ன அக்கா, தேநீர் தீந்துபோச்சா?"

"பேசாம குடி. தீந்தா ஊத்தறேன்."